துணைநூற்பட்டியலைப் பக்குவப்படுத்துதல்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குரோம்பேட்டையில் குடியிருக்கும் என் தங்கை மகள், மறைமலையடிகளின் உரைநடையைப் பற்றி நான்கு வருஷங்களாக எழுதி வரும் ஆய்வேட்டின் கடைசிப் பகுதியை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, சேலையூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தக் கடைசிப் பகுதி துணைநூற்பட்டியல். மொத்தம் 214 பதிவுகள். கிழக்குத் தாம்பரத்து டி.டி.பி. கடை ஒன்றில் வேர்டு கோப்பாகத் தட்டச்சு செய்து, வரிசை எண்ணிட்டு, நூற்பெயர்களெல்லாம் சாய்வெழுத்தில் நிற்க, பார்வைக்கு மிகவும் லட்சணமாகவே இருந்தது. அதனை ஜோட்டெரோ என்னும் மேற்கோள் மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டால், பின்னால் எந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினாலும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை என்பது அவளுடைய நெறியாளரின் யோசனை.

"மாமா, ஃபைலை அப்படியே உள்ள இழுத்துப் போட்டா எல்லாம் ஏறிடும்னு டிபார்ட்மெண்ட்ல சொன்னாங்க. போட்டேன். ஃபைல் மட்டும் போய் ஒரு ஓரமா உக்காந்துகிச்சு. உள்ள இருக்கிற ஒரு புஸ்தகம் கூட வரல" என்றாள்.

அன்று தொடங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலையை, இதே சங்கடத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உபயோகப்படக்கூடும் என்று கருதி, இங்கே விவரமாக எழுதுகிறேன். இது ஏதோ யந்திரத்துக்குக் கூலி வேலை செய்யும் விவகாரம் என்று ஆரம்பத்தில் நானும் எண்ணியிருந்தேன். தமிழ் நூல்களைப் பற்றிய ஞானம் இல்லாத ஒருவர், கணிப்பொறியில் எவ்வளவு தேர்ந்தவராயினும், இதைச் செம்மையாகச் செய்துவிட முடியாது என்பது இப்போது என் திடமான அபிப்பிராயம்.

மேற்கோள் மென்பொருள் என்பது என்ன? பழைய நூலகங்களில் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்குவது சுலபம். ஒரு நூலுக்கு ஓர் அட்டை. அந்த அட்டையில் ஆசிரியர் பெயர் ஓரிடத்தில், நூலின் பெயர் ஓரிடத்தில், பதிப்பு, ஊர், வெளியிட்டோர், ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் நிர்ணயிக்கப்பட்ட ஸ்தானம். மென்பொருளும் அதே போல ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனிக் கட்டத்தில் இட்டுவைக்கிறது. பிறகு, ஆண்டு பெயரை அடுத்து வர வேண்டும் என்று ஒரு பத்திரிகை கேட்டாலும், கடைசியில் வர வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டாலும், கட்டங்களை அந்தந்தக் கிரமத்தில் எடுத்துக் கோத்து ஒரு நொடியில் பட்டியலாக்கித் தந்துவிடுகிறது. எண்ட்நோட், மெண்டலே என்று இத்தகைய சாதனங்கள் பல உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சரித்திர ஆராய்ச்சிக்கென அமைந்த ஒரு மையத்திலிருந்து 2006-இல் வெளிவந்த ஜோட்டெரோ, இலவசமாகக் கிடைப்பதால், நம் மாணவர்களிடையே அதிகமாகப் பரவியிருக்கிறது.

நூல் விவரத்தைக் கூறுகூறாகப் பிரித்து வைக்கும் இந்தக் கலைக்கு நம்மூரில் ஒரு பெரிய பரம்பரை இருக்கிறது. 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட தம் அட்டவணை விதிகளில், தென்னிந்தியப் பெயர்களை எந்தச் சொல்லை முதலாக வைத்து எழுதுவது என்பதை ஐரோப்பியருடைய குடும்பப்பெயர்ச் சம்பிரதாயத்துக்கு விட்டுக்கொடுக்காமல் தனியே யோசித்து வகுத்தார். ஜாதியையோ பட்டத்தையோ காட்டும் கடைசிச் சொல்லை மட்டும் பிய்த்து முன்னே வைத்தால் அந்த மனிதரை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அவர் படித்த நாளில் அந்தக் கல்லூரி கோட்டைக்கு வடக்கே ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-இல். அதன் மரங்களைத் தினமும் பார்த்து நடக்கிற எனக்கு, அட்டையைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

தட்டச்சு செய்த பட்டியல் ஏன் உள்ளே ஏறுவதில்லை என்றால், அது கண்ணுக்காக எழுதப்பட்டது என்பதே காரணம். 'மறைமலையடிகள், மாணிக்கவாசகர் வரலாறும் காலமும், பல்லாவரம், 1930' என்ற வரியைப் படிக்கும் தமிழருக்கு, எது ஆள், எது நூல், எது ஊர் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யந்திரத்துக்கோ அது மூன்று காற்புள்ளிகளால் நான்காக வெட்டப்பட்ட ஓர் எழுத்துச் சரம், அவ்வளவே. காற்புள்ளி உள்ள இடத்திலெல்லாம் பிரித்துக்கொள் என்று அதற்குக் கட்டளையிடலாம். ஆனால் அடுத்த வரியே 'வேங்கடசாமி, மயிலை சீனி., மறைந்துபோன தமிழ் நூல்கள், சென்னை, 1959' என்று வருமானால், பெயருக்குள்ளேயே ஒரு காற்புள்ளி நிற்பதால், 'மயிலை சீனி.' என்பது நூலின் பெயராகவும் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்பது ஓர் ஊராகவும் பதிந்துவிடும். ஆங்கில நூற்பட்டியல்களை ஊகத்தால் பிரித்துத் தரும் கருவிகள் சில இருக்கின்றன. அவை ஐரோப்பிய மொழிகளின் பட்டியல்களில் பழக்கப்பட்டவையாதலால், நம்முடைய வரிகளை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வழியில்லை.

இனி, செய்த வேலைக்கு வருகிறேன். முதற்காரியம், கோப்பைப் பிரதி எடுத்து வைப்பது. அதோடு தாளிலும் ஒரு முறை அச்செடுத்து வைப்பது. தாள் எதற்கு என்று அவள் கேட்டாள். அதற்கு விடை அன்றிரவே கிடைத்துவிட்டது.

பட்டியலில் ஒரே ஆசிரியருடைய நூல்கள் அடுத்தடுத்து வரும்போது, முதல் நூலுக்கு மட்டும் பெயர் எழுதி, மற்றவற்றுக்கு ஒரு நீண்ட கோடு போடும் வழக்கம் எல்லோரும் அறிந்ததே. சிலர் கோட்டுக்குப் பதிலாக 'மேலது' என்று எழுதுவார்கள். முதலில் எல்லாவற்றையும் அகர வரிசைப்படுத்திக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று எண்ணி, வேர்டிலுள்ள வரிசைப்படுத்தும் பொத்தானை நான் அழுத்திவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் 37 கோடுகளும் தத்தம் ஆசிரியர்களை விட்டுப் பிரிந்து பட்டியலின் உச்சியில் ஒன்றாகக் கூடி நின்றன. எந்தக் கோடு மறைமலையடிகளுடையது, எந்தக் கோடு திரு.வி.க.வுடையது என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல ஒருவராலும் இயலாது. கவனியாமல் கோப்பைச் சேமித்து மூடியும் ஆயிற்று. பிரதியெடுத்த பென் டிரைவோ அவளோடு குரோம்பேட்டைக்குப் போய்விட்டது. தாள் பிரதி மேஜைமேல் இருந்ததால் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் அதற்குரியவரைத் தேடிச் சேர்த்தேன். ஆகவே எதற்கும் முன்னால் கோடுகளையெல்லாம் நீக்கி, ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர் பெயரை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. தமிழில் இந்த வேலையின் ஜீவன் இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். ஆங்கிலம் மட்டுமே எழுதும் ஆராய்ச்சியாளருக்கு இந்த உபத்திரவம் ஏற்படுவதே இல்லை.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழைக் கணிப்பொறியில் எழுதப் பல எழுத்துருக்கள் தோன்றின. அவற்றில் பாமினி இலங்கையிலும் அயல்நாடுகளிலும் பெருவழக்காய் இருந்து, நம்மூர்க் கடைகளிலும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அதில் தட்டச்சு செய்தால் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லுக்கு அதில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துரு என்ற போர்வையை நீக்கினால் அந்த ஐந்து குறிகளே எஞ்சும். மேற்கோள் மென்பொருள் அந்தப் போர்வையை அறியாது. ஆகவே பட்டியல் முழுவதையும் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பாமினியில் அரைப்புள்ளியின் இடத்தில் இருப்பது நம் மெய்யெழுத்தின் புள்ளி. காற்புள்ளியின் இடத்தில் இருப்பது இகரம். எழுத்துருவை மாற்றுமுன், அரைப்புள்ளிகளையெல்லாம் காற்புள்ளியாக்கிப் பட்டியலை ஒழுங்குபடுத்தலாம் என்று ஒருவர் தேடி மாற்றும் வசதியை ஏவினால், 214 பதிவுகளிலும் உள்ள மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் ஒரே வீச்சில் இகரமாகிவிடும். காற்புள்ளியில் வரியைப் பிரித்தாலோ, 'இலக்கியம்', 'இலங்கை', 'இதழ்' என்று இகரத்தில் தொடங்கும் சொல் ஒவ்வொன்றும் தலையிழந்து நிற்கும். நல்ல வேளையாக, தங்கை மகள் ஒரு பதிவை மட்டும் எடுத்து முதலில் பரீட்சித்துப் பார்த்ததால் இந்த அனர்த்தம் எங்களுக்கு நேரவில்லை. எழுத்துருவை மாற்றிய பிறகே நிறுத்தக்குறிகளைத் தொட வேண்டும்.

இன்னொரு அபாயம், பட்டியலில் கலந்திருக்கும் ஆங்கில நூல்களால் வருவது. பாமினி மாற்றியிடம் முழுக் கோப்பையும் கொடுத்தால், அது ஆங்கிலத் தலைப்புகளையும் பாமினி என்றே எண்ணி, பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாற்றிவிடும். வேர்டில் ஒரே எழுத்துருவிலுள்ள பகுதிகளை மட்டும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு தமிழ்ப் பதிவுகளைத் தனிக் கோப்பாகவும் ஆங்கிலப் பதிவுகளைத் தனிக் கோப்பாகவும் பிரித்துக்கொண்டோம்.

மாற்றி முடித்த பின்னும் கண்ணால் ஒருமுறை படித்தாக வேண்டும். பழைய தட்டச்சு வழக்கத்தில் 'ரி', 'ர்' ஆகிய எழுத்துகளுக்கு ரகரத்தின் இடத்தில் துணைக்காலை இட்டு அதன்மேல் கொக்கியோ புள்ளியோ வைப்பதுண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றி சரியானதாக இல்லாவிட்டால், 'ஆசிரியர்' என்ற சொல்லில் அந்தக் கால்கள் கால்களாகவே நின்றுவிடும். யூனிகோடிலேயே வேறொரு நுட்பமும் உண்டு: 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைத் தேடும்போது மற்றொன்று அகப்படாமல் போகலாம். 'தொல்காப்பியம்' என்று தேடி, பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் தொல்காப்பியம் கிடைக்காமற்போனால், காரணம் இதுவாகவே இருக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவது உத்தமம்.

இதற்குப் பின் வருபவை சில்லறை வேலைகள். ஒரு பதிவுக்கு ஒரு பத்தி என்ற விதியை நிலைநாட்ட வேண்டும். அழகுக்காக நடுவில் ஷிப்ட் விசையோடு என்டரை அழுத்தி மடக்கிய வரிகள், திரையில் பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் வெளிப்பட்டுவிடும். தானாக விழும் வரிசை எண்களை நீக்க வேண்டும். இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்க வேண்டும். நூல்களையும், இதழ்க் கட்டுரைகளையும், தொகுப்பு நூலிலுள்ள கட்டுரைகளையும், ஆய்வேடுகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்; ஏனெனில் ஒவ்வொன்றின் அட்டையிலும் உள்ள கட்டங்கள் வேறு. ஒரு மாலைப் பொழுதில் இவை முடிந்துவிட்டன.

பெயர்களுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது.

நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம், பரிதிமாற் கலைஞர் பணியாற்றிய கிறிஸ்துவக் கல்லூரித் தமிழ்த் துறையில் 1898-இல் ஆசிரியராகச் சேர்ந்தார், 1911-இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் வந்து குடியேறினார், 1916-இல் மறைமலையடிகளானார், 1950-இல் காலமாகும் வரை பல்லாவரமே அவருக்கு இருப்பிடம். ஆகவே 1903-இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையின் முதற்பதிப்பு வேதாசலத்தினுடையது, பிற்பதிப்பு மறைமலையடிகளுடையது. அவர் நடத்திய 'ஞானசாகரம்' என்ற பத்திரிகையே பின்னாளில் 'அறிவுக்கடல்' ஆயிற்று. அவருடைய பெயரும் பத்திரிகையின் பெயரும் மாறியிருப்பதை அறியாத யந்திரம், இரண்டு ஆசிரியர்களையும் இரண்டு பத்திரிகைகளையும் சிருஷ்டித்துவிடுகிறது. பரிதிமாற் கலைஞர் விஷயத்திலும் அதேதான்: 'தனிப்பாசுரத் தொகை' அந்தப் பெயரில் இருக்கும், வேறு நூல்கள் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்ற பெயரில் இருக்கும்.

"ரெண்டையும் மறைமலையடிகள்னே மாத்திடலாமா மாமா?" என்று கேட்டாள்.

கூடாது என்றேன். தலைப்புப் பக்கத்தில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ, அதுவே ஆசிரியர் கட்டத்தில் நிற்க வேண்டும். மற்றப் பெயரைக் குறிப்புக் கட்டத்தில் எழுதி, தேடினால் இரண்டும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். 1903-ஆம் வருஷத்துப் புத்தகத்தை நூலகத்தில் தேடப் போகும் ஒருவருக்கு, அன்றைக்கு அதன் அட்டையில் இருந்த பெயர்தானே வழிகாட்டும்? தவிர, வடசொற்கள் கலந்து எழுதிய வேதாசலத்துக்கும் தனித்தமிழ் எழுதிய மறைமலையடிகளுக்கும் இடையே உள்ள நடை வேற்றுமையே அவளுடைய ஆராய்ச்சிப் பொருளாக இருக்கும்போது, பெயரை ஒன்றாக்குவது தன் ஆராய்ச்சியைத் தானே அழிப்பதாகும்.

மென்பொருளில் ஆசிரியர் பெயருக்கு வழக்கமாக இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று குடும்பப்பெயருக்கு, ஒன்று இடுபெயருக்கு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. 'மு. வரதராசன்' என்பதில் மு. என்பது தந்தையார் பெயரின் முதலெழுத்து. வரதராசன் என்பதே அவர் பெயர். ஆகவே 'வரதராசன், மு.' என்று காற்புள்ளியிட்டு எழுதினால், வரதராசன் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்காருகிறது. தத்துவம் பொருந்தாவிட்டாலும் அகர வரிசைக்கு அதுவே சரி. மயிலை சீனி. வேங்கடசாமிக்கு, மயிலை ஊர், சீனி. தந்தையார், ஆகவே 'வேங்கடசாமி, மயிலை சீனி.' 'சாமிநாதையர், உ.வே.' என்று எழுதினால் செம்மையாக இருக்கும். 'ஐயர், சாமிநாத' என்று பிரித்தாலோ, எல்லா ஐயர்களும் ஓரிடத்தில் கூடிவிடுவார்கள். மறைமலையடிகள், புதுமைப்பித்தன் போன்ற தனிப்பெயர்களைப் பிரிக்கவே கூடாது. ஜோட்டெரோவில் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கிக்கொள்ளும் பொத்தான் ஒன்று பெயரின் அருகிலேயே இருக்கிறது. எண்ட்நோட்டில், பெயர் முடிந்ததும் ஒரு காற்புள்ளி இட்டுவிட்டால் அது பெயரைப் பிளக்காமல் விட்டுவிடும்.

ஆண்டு என்பது நான்கு இலக்கம்தானே என்று நினைக்கலாம். பழைய தமிழ் நூல்களில் 'ஆனந்த வருஷம் மாசி மாதம்' என்றிருந்தால் என்ன செய்வது? அறுபது வருஷங்களுக்கு ஒருமுறை சுழலும் அந்தப் பெயர், 1854-ஐயும் குறிக்கும், 1914-ஐயும் குறிக்கும், 1974-ஐயும் குறிக்கும். அச்சகத்தின் பெயரையும் ஆசிரியரின் காலத்தையும் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். நிர்ணயித்த பின்னும், தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் மாசி மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுந்துவிடும்: உ.வே.சா. பிறந்த ஆனந்த வருஷத்து மாசி, 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி.

திருவள்ளுவர் ஆண்டு இன்னும் நுட்பமானது. மறைமலையடிகளின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் அந்தக் கணக்கில், கிறிஸ்து ஆண்டோடு 31-ஐக் கூட்ட வேண்டும். 2010-இல் வெளியான நூலில் 2041 என்று இருந்தால், வராத ஆண்டாயிற்றே என்று கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். 1981-இல் வெளியான நூலில் 2012 என்று இருந்தால், அது நியாயமான ஓர் ஆண்டாகவே தோன்றுவதால், யாருக்கும் சந்தேகம் எழாது. எங்கள் பட்டியலில் இப்படி நான்கு நூல்கள் இருந்தன. நான்கையும் தட்டச்சு செய்தவர் தலைப்புப் பக்கத்தில் கண்டபடியே உண்மையாகத்தான் எழுதியிருந்தார்; 'தி.ஆ.' என்ற இரண்டெழுத்து மட்டும் எங்கோ உதிர்ந்துவிட்டது.

வெளியிட்டோர் பெயரில் 'கழக வெளியீடு' என்று மட்டும் எழுதுவது தமிழாசிரியர்களுக்குள் போதும். வெளியே போகும் பட்டியலில் திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் என்று முழுவதும் எழுதிவிட வேண்டும். ஊர்ப்பெயர் மதராஸ் என்று இருந்தால் மதராஸ் என்றே இருக்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, பிரிக்கும் குறியாகக் காற்புள்ளியை நம்பாமல், நூல்களில் எங்குமே வராத நிமிர்ந்த கோடு ஒன்றைக் கட்டத்துக்குக் கட்டம் இட்டுக்கொண்டோம். வேர்டில் எழுத்தை அட்டவணையாக்கும் வசதிக்கு அந்தக் கோட்டையே அடையாளமாகக் கொடுத்தால், ஒவ்வொரு பதிவும் ஆசிரியர், நூல், ஊர், வெளியிட்டோர், ஆண்டு என்று பத்தி பத்தியாகப் பிரிந்து நிற்கிறது. கட்டங்கள் நேராக விழுந்திருக்கின்றனவா என்று மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டினால் போதும்; ஆண்டுக்குரிய இடத்தில் ஓர் ஊர் நின்றால் உடனே தெரிந்துவிடும். அட்டவணையை எக்செல்லுக்குக் கொண்டுபோகும் முன், கட்டங்களையெல்லாம் எழுத்து வகை என்று குறித்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால், இதழ் எண் '3-4' என்று இருப்பதை அது ஒரு தேதியாக மாற்றிவிடும். மாற்றிய பிறகு பழைய எண்ணை மீட்பது சிரமம்.

அட்டவணையிலிருந்து மென்பொருளுக்குப் போகும் பாலம், ஆர்.ஐ.எஸ். என்ற எளிய எழுத்து அமைப்பு. அதில் ஒரு வரிக்கு ஒரு விவரம். வரியின் ஆரம்பத்தில் இன்ன விவரம் என்று காட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு இரண்டு இடைவெளி, ஒரு சிறு கோடு, மறுபடி ஓர் இடைவெளி, அதன்பின் விவரம். முதல் வரி, இது நூலா கட்டுரையா ஆய்வேடா என்று சொல்லும். கடைசி வரி, பதிவு முடிந்தது என்று சொல்லும். ஆசிரியர் இருவராயின் இரண்டு தனி வரிகள். கோட்டுக்கு முன்னாலுள்ள இரண்டு இடைவெளியில் ஒன்று குறைந்தாலும் சில மென்பொருள்கள் அந்த வரியை ஏற்க மறுக்கின்றன.

150-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பதிவுகளை இந்த வடிவத்தில் கையால் எழுத முடியுமா என்று மலைத்திருந்தபோது, வழியைக் கண்டவள் தங்கை மகளே. கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கு விலாசம் அச்சிடும் மெயில் மெர்ஜ் வசதியை அவள் முன்பு உபயோகித்திருக்கிறாள். விலாசத்துக்குப் பதிலாக ஆர்.ஐ.எஸ். அமைப்பை அச்சாக எழுதி, பெயர், நூல், ஆண்டு வரவேண்டிய இடங்களில் எக்செல் கட்டங்களைப் பொருத்தி, ஒவ்வொரு பதிவும் புதுப் பக்கத்தில் தொடங்காதபடி டைரக்டரி என்ற வகையைத் தேர்ந்தெடுத்து ஏவினாள். ஒரு நிமிஷத்துக்குள் அத்தனை பதிவுகளும் அச்சில் வார்த்தாற்போல வந்து விழுந்தன. அதை வேர்டு கோப்பாக அல்லாமல், வெறும் எழுத்துக் கோப்பாக, யு.டி.எஃப். 8 என்ற குறியேற்றத்தில் சேமிக்க வேண்டும்; அதைத் தவற விட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். முதலில் ஐந்து பதிவுகளை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். ஜோட்டெரோ ஏற்றியவற்றைப் புதிய தொகுப்பு ஒன்றில் தனியே வைக்குமாதலால், பிழை கண்டால் தொகுப்போடு அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். மூன்றாவது முறையில் ஐந்தும் சரியாக அமைந்தன, பிறகு முழுவதும்.

ஆங்கில நூல்களுக்கு இந்தப் பாடு வேண்டியிருக்கவில்லை. ஐ.எஸ்.பி.என். எண் இருந்த நூல்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்தாலே விவரம் தானாக வந்துவிட்டது. தமிழ் நூல்களுக்கும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கலாம். பழைய நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. இருப்பவற்றுக்கும், அயல்நாட்டு நூலகங்களின் பதிவு பெரும்பாலும் மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்ட உரோமன் எழுத்தில் வந்து நிற்கிறது. தமிழில் எழுதும் ஆய்வேட்டுக்கு அது உதவாது.

மூன்றாவது ஞாயிறு முடிந்தபோது பதினொரு பதிவுகள் மட்டும் நிறைவுபெறாமல் நின்றன. ஒன்றில் ஆண்டு இல்லை, ஒன்றில் பதிப்பு இல்லை, ஒன்றில் பத்திரிகையின் இதழ் எண் இல்லை. வேறொருவர் பட்டியலைப் பார்த்து எழுதிய பட்டியல்களில் இத்தகைய குறைகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவதை, ஆராய்ச்சி செய்பவர்கள் அறிவார்கள். ஒரு வரியாக எழுதும்போது இல்லாத விவரத்தை மறைத்துவிட முடிகிறது. கட்டமாகப் பிரிக்கும்போது வெற்றுக் கட்டம் எதிரே நின்று கேட்கிறது. அவற்றை ஊகத்தால் நிரப்ப வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற ஒரு தனி மனிதர் ஆயுள் முழுவதும் சேர்த்துவைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும், அவர் 1992-இல் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காப்பாற்றப்பட்டு, 1994-இல் நூலகமாயின. மறைமலையடிகள் தம் கையால் சேர்த்த நூல்களோ, 1958-இல் கழகத்தாரால் அவர் பெயரிலேயே நூல்நிலையமாகத் திறக்கப்பட்டு, இன்று எழும்பூரில் கன்னிமாரா வளாகத்தில் இருக்கின்றன. ஒரு புதன்கிழமை தரமணிக்கும், மறுநாள் மின்சார ரயிலில் எழும்பூருக்கும் இருவரும் போனோம். பதினொன்றில் ஒன்பது அகப்பட்டன.

எழும்பூரில் அவள் குறித்துக்கொண்ட கடைசி நூலின் தலைப்புப் பக்கத்தை, தாள் பொடிந்துவிடுமோ என்ற பயத்தில், விரல் படாமல் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் பல்லாவரத்தைத் தாண்டும்போது மடிக்கணினியைத் திறந்து, ஆசிரியர் கட்டத்தில் வேதாசலம் என்று எழுதினாள். பிறகு குறிப்புக் கட்டத்துக்குப் போய், 'பின்னாளில் மறைமலையடிகள்' என்று தட்டச்சு செய்து சேமித்தாள். குரோம்பேட்டை வந்ததும் இறங்கிக்கொண்டாள்.